எறும்பு தின்னும் குறுவாய்த் தேரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், மான்ஹாட்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில். நியூயார்க்கில் இருக்கும் மான்ஹாட்டன் இல்லை, இது சுற்றிலும் புல்மேடுகள் நிறைந்த சின்ன ஊர். இங்கே மேய்ச்சல் நிலங்களில் கிடக்கும் கற்களுக்கு அடியில் ஒரு குட்டித் தேரை வாழ்கிறது. ஒவ்வொரு வருடமும் மே மாதம் அதன் படத்தை நண்பர்களுக்கும் ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் அனுப்புவேன், உடனே கேள்விகள் வரும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிட்டேன்.

இதன் பெயர் என்ன?

அறிவியல் பெயர் காஸ்ட்ரோஃபிரைனி ஒலிவேசியா. எட்வர்ட் ஹாலோவெல் என்ற ஃபிலடெல்ஃபியா மருத்துவர் 1856-ல் இதை விவரித்துப் பெயர் வைத்தார். காஸ்ட்ரோஃபிரைனி என்றால் கிரேக்கத்தில் ‘வயிற்றுத் தேரை’ மாதிரி ஒரு பொருள் வரும், ஒலிவேசியா என்பது அதன் ஆலிவ் நிறத்துக்காக. ஆங்கிலத்தில் ‘கிரேட் பிளெய்ன்ஸ் நேரோமவுத் டோட்’ என்கிறார்கள், கான்சஸில் பழைய ஆட்கள் ‘எறும்பு தின்னும் தவளை’ என்றும் சொல்வார்கள். தமிழில் இதற்குப் பெயர் கிடையாது என்பதால் நான் குறுவாய்த் தேரை என்றே எழுதுகிறேன். அந்தச் சின்ன வாயைப் புரிந்துகொண்டால் இதன் வாழ்க்கையில் பாதி புரிந்துவிடும்.

எவ்வளவு பெரியது? பார்க்க எப்படி இருக்கும்?

நன்றாக வளர்ந்ததே 2 முதல் 4 செ.மீ. தான். பெண் கொஞ்சம் பெரியது. கட்டைவிரல் நகத்தின் மேல் உட்கார வைக்கலாம் போல இருக்கும் சில ஆண் தேரைகள்.

தேரை என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் சொரசொரத் தோல், மருக்கள், கண்ணுக்குப் பின்னால் புடைத்த விஷச் சுரப்பி எதுவும் இதற்கு இல்லை. தோல் வழவழப்பானது. மேலே சாம்பல் கலந்த பழுப்பு அல்லது மங்கிய ஆலிவ் பச்சை, அங்கங்கே ஊசியால் குத்திய மாதிரி கரும்புள்ளிகள், வயிறு வெளுப்பு. உடம்பு உருண்டையாக, கீழே உட்கார்ந்து பரந்த மாதிரி இருக்கும். அந்த உருண்டையின் முன்னால் ஒரு சின்னக் கூர்முகம் ஒட்டி வைத்தது போல வரும், நாவல்பழக் கொட்டைக்கு மூக்கு முளைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. கழுத்து என்று ஒன்று தெரியாது. காது மடலுக்குப் பதிலாகத் தவளைகளுக்குப் பக்கவாட்டில் தெரியும் வட்டச் செவிப்பறையும் இதற்கு வெளியே தெரியாது. தலைக்குப் பின்னால், ஒரு கண்ணின் பின்பக்கத்தில் இருந்து மறு கண்ணின் பின்பக்கம் வரை, தோலில் ஒரு மடிப்பு ஓடும். அந்த மடிப்பைக் கவனித்து வையுங்கள், எறும்புக் கேள்விக்கு வரும்போது அது வேண்டும்.

இது தேரையா, தவளையா?

அறிவியல் பார்வையில் இது ‘உண்மையான’ தேரைக் குடும்பத்தைச் சேர்ந்தது இல்லை. குறுவாய்த் தவளைகள் என்று ஒரு தனிக் குடும்பம் இருக்கிறது, அதைச் சேர்ந்தது. அந்தக் குடும்பம் நமக்கும் அந்நியமில்லை. தமிழ்நாட்டில் மழை பெய்ததும் மண்ணுக்குள் இருந்து ஊதிய பலூன் மாதிரி வெளியே வந்து கத்துகிற உருண்டைத் தவளைகளைப் பார்த்திருப்பீர்களே, அவை இதற்குச் சொந்தம்தான். தூரத்துச் சொந்தம் என்றாலும் குடும்பச் சாயல் அப்படியே இருக்கும்.

எங்கே வாழ்கிறது?

நெப்ராஸ்காவின் தென்பகுதியில் தொடங்கி கான்சஸ், மிசூரியின் மேற்குப் பக்கம், ஓக்லஹோமா, டெக்சஸ் வழியாக மெக்சிகோவுக்குள் வரை. கொலராடோவின் தென்கிழக்கு மூலையில் கொஞ்சம் இருக்கிறது. பழைய புத்தகங்களில் அரிசோனாவையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள், ஆனால் அங்கே இருப்பதும் மெக்சிகோவின் மேற்குக் கரையில் இருப்பதும் வேறு இனம் என்று 2012-ல் மரபணு ஆய்வின் அடிப்படையில் பிரித்துவிட்டார்கள். பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அரிசோனாவில் தேடாதீர்கள்.

இது புல்வெளி தேரை என்கிறீர்கள், ஆனால் புல்வெளியில் ஜூலை வெயிலில் தவளை இனம் எப்படித் தாக்குப்பிடிக்கும்?

நல்ல கேள்வி, எனக்கும் முதலில் இதுதான் புரியவில்லை. கிழக்குக் கான்சஸில் ஃபிளின்ட் ஹில்ஸ் என்று ஒரு மேட்டு நிலப்பகுதி. மண்ணுக்குக் கொஞ்சம் கீழே சுண்ணாம்புக்கல், அதற்குள் சிக்கிமுக்கிக் கல். ஏர் ஓட்ட முடியாது, அதனால்தான் அந்தப் பக்கத்துப் புல்வெளி உழவுக்குப் போகாமல் தப்பித்தது. அமெரிக்காவில் ஒருகாலத்தில் ஏறத்தாழ 17 கோடி ஏக்கரில் இருந்த உயர்புல் பிரெய்ரி என்ற இந்தப் புல்வெளியில் இன்று மிஞ்சியிருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு, மிஞ்சியதில் பெரும்பகுதி இங்கேதான். கலப்பையை உடைத்த அதே கல்தான் இந்தத் தேரைக்கு வீட்டுக்கூரை.

சரிவுகளில் சுண்ணாம்புக்கல் பலகை பலகையாகப் பெயர்ந்து கிடக்கும். வெளியே புல் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும்போதும் அந்தக் கல்லுக்கு அடியில் கை வைத்தால் மண் ஈரமாக, சில்லென்று இருக்கும். தேரை பகலெல்லாம் அங்கேதான். கல்லுக்கு அடியில் இடமில்லை என்றால் எலி, பல்லி, அகழெலி தோண்டிப் போட்ட வளைகள், அதுவும் இல்லை என்றால் காய்ந்து பிளந்த களிமண் வெடிப்புகள். பின்னங்காலில் மண்ணைத் தள்ள ஒரு சின்ன முண்டு இருக்கிறது, ஆனாலும் தானே தோண்டுவதைவிட யாரோ தோண்டிய ஓட்டையில் நுழைந்துகொள்வதுதான் இதன் பழக்கம். கூர்முகமும் வழவழ உடம்பும் அதற்கென்றே செய்தவை போல இருக்கின்றன.

இன்னொன்று, மற்ற பல தவளைகளைவிட இது சூட்டை நன்றாகத் தாங்கும். கான்சஸில் அளந்தபோது 37 டிகிரி செல்சியஸ் வரை உடல் வெப்பம் இருந்த தேரைகள் ஓடியாடிக்கொண்டிருந்தன.

என்ன சாப்பிடும்?

எறும்பு. காலையும் எறும்பு, மாலையும் எறும்பு. நடுவில் கரையானோ குட்டி வண்டோ வாய்க்கு எட்டினால் விடாது, ஆனால் வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள் எல்லாம் சொன்னது எறும்பு, எறும்பு, எறும்பு. இத்தனூண்டு வாயில் வெட்டுக்கிளி நுழையாதே. புல்வெளியில் எண்ணிக்கையில் குறையாமல் எப்போதும் கிடைக்கிற சின்ன இரை எறும்புதான்.

பெரும்பாலும் எறும்புப் புற்று இருக்கும் அதே கல்லுக்கு அடியிலேயே குடியிருக்கும். சாப்பாட்டுக்கு வெளியே போக வேண்டியதே இல்லை.

எறும்பு கடிக்காதா?

கடிக்கும், கடிக்கப் பார்க்கும். இங்கேதான் அந்தத் தோல் மடிப்பு. ஒருமுறை நான் ஒரு கல்லைத் தூக்கியதும் எறும்புகள் கலைந்து நாலாபக்கமும் ஓடின, தேரை நகராமல் அப்படியே இருந்தது. ஒரு எறும்பு அதன் முதுகில் ஏறித் தலைப் பக்கம் வந்து கண்ணருகே போனது. அவ்வளவுதான், அந்த மடிப்பு பின்னால் இருந்து முன்னால் சறுக்கிக் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் போனது. கையால் துடைக்கவில்லை. தலைத்தோலாலேயே துடைத்தது. நெற்றியைச் சுருக்கினால் நம் புருவம் இறங்குமே, அது பின்னால் இருந்து வந்தால் எப்படி இருக்கும், அப்படி. எறும்பு உருண்டு கீழே விழுந்தது, தேரை அதைச் சாப்பிட்டது. மொத்தமும் இரண்டு வினாடி.

உடம்பின் மற்ற இடங்களில் வழவழப்பான தோலும் அதில் சுரக்கும் பசையும் எறும்புக்குப் பிடி கொடுப்பதில்லை. கண் மட்டும்தான் பலவீனமான இடம், அதற்கு இந்த மடிப்பு.

டாரண்டுலா சிலந்தியோடு ஒரே வளையில் வாழும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. படத்தில் பார்த்துவிட்டுக் கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் நிறைய, ஆனால் 1936-லேயே டபிள்யூ. ஃபிராங்க் பிளேர் என்ற ஆய்வாளர் ஓக்லஹோமாவில் டாரண்டுலா வளைகளுக்குள் இந்தத் தேரைகள் இருந்ததை எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு டெக்சஸிலும் ஓக்லஹோமாவிலும் பலர் பார்த்திருக்கிறார்கள்.

அந்தச் சிலந்தி சாதாரணச் சிலந்தி இல்லை. பழுப்பு நிறம், உடம்பு மட்டும் 5 செ.மீ. அளவுக்கு வரும், காலை விரித்தால் உள்ளங்கை நிறையும். பெண் சிலந்தி ஒரே வளையில் வருடக் கணக்காக இருக்கும், 20 வருடத்துக்கும் மேல் வாழக்கூடியது. இந்தத் தேரையின் அளவில் இருக்கும் எதையும் அது தூக்கிச் சாப்பிட்டுவிடும். வெட்டுக்கிளி, வண்டு, சின்னப் பல்லி, ஏன், மற்ற குட்டித் தவளைகளைக்கூட. ஆனால் இதை மட்டும் விட்டுவிடுகிறது.

நான் இதை ஒரே ஒருமுறை கண்ணால் பார்த்தேன். ஓக்லஹோமாவில் ஒரு நண்பரின் மேய்ச்சல் நிலம், ஜூன் மாதம், இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்ட ஓட்டை, வாயைச் சுற்றி மெல்லிய பட்டு இழை. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தோம் (நேராக அடித்தால் சிலந்தி உள்ளே போய்விடும்). வாசலில் சிலந்தி முன்னங்கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தது. அந்தக் கால்களுக்கு நடுவில், சிலந்தியின் உடம்புக்குக் கீழேயே என்று சொல்லலாம், தேரை. வீட்டுத் திண்ணையில் தாத்தா காலடியில் பேரன் உட்கார்ந்திருக்கிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து தேரை நகர்ந்தது, சிலந்தியின் ஒரு கால் அதைத் தொட்டது, தொட்டு, தடவி, விலகியது. தேரை தன் வழியில் புல்லுக்குள் போனது.

ஏன் சாப்பிடாமல் விடுகிறது?

தோல்தான் காரணம். தேரையின் தோலில் சுரக்கும் பசை சிலந்திக்குப் பிடிப்பதில்லை. காலில் இருக்கும் மயிர்களாலேயே சிலந்தி ருசி பார்க்கும், அதனால் தொட்டதுமே இது இன்னார் என்று தெரிந்துவிடுகிறது.

தேரைக்கு என்ன லாபம் என்பது தெளிவு: வெயில் படாத ஈரமான வளை, வாசலில் பாம்புகூட யோசித்து நுழையும் ஒரு காவலாளி, அப்புறம் சிலந்தி தின்று போட்ட மிச்சத்துக்கு வரும் எறும்புகள். சிலந்திக்கு என்ன லாபம் என்றால், எறும்புகள் சிலந்தி முட்டைகளுக்கு எதிரி, தேரை எறும்புகளைத் தின்றுவிடுவதால் முட்டைகள் பிழைக்கின்றன என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். நியாயமான விளக்கம்தான். ஆனால் இதை வைத்து ‘சிலந்தி தவளையைச் செல்லப்பிராணியாக வளர்க்கிறது’ என்று படம் போட்டுப் பரப்புகிறார்களே, அது தப்பு. தேரையின் பங்கு உறுதி, சிலந்தியின் பங்கு ஊகம், இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. செல்லப்பிராணி என்ற சொல்லைவிட ஒண்டுக்குடித்தனம் என்ற சொல் பொருத்தம்.

இந்த மாதிரி வேறு எங்காவது உண்டா?

உண்டு, அதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பெரு நாட்டின் தென்கிழக்குக் காடுகளில் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு குட்டித் தவளை வேறொரு பெரிய சிலந்தியின் வளையில் வாழ்கிறது. அங்கே சிலந்தி தவளையைப் பிடித்துத் தூக்கி, வாய்ப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, காயம் இல்லாமல் கீழே விட்டதை ஆய்வாளர்கள் பார்த்து 1989-ல் எழுதியிருக்கிறார்கள்.

இலங்கையிலும் இருக்கிறது. ஈரக்காடுகளில் மரப்பொந்துகளில் வாழும் ஒரு குறுவாய்த் தவளை, உபெரோடான் நாகாவோய் என்று பெயர், அங்கே மரத்தில் வாழும் பெரிய வண்ணச் சிலந்திகளோடு ஒரே பொந்தில் இருப்பது பதிவாகியிருக்கிறது. ஓக்லஹோமா புல்வெளி, பெருவின் மழைக்காடு, இலங்கையின் மரப்பொந்து. மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இடங்கள், மூன்றிலும் அதே குடும்பத்துத் தவளை, அதே வகைச் சிலந்தி.

எப்படிக் கத்தும்?

தவளைச் சத்தம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதலில் ‘விட்’ என்று ஒரு சின்ன விசில், உடனே கோபம் வந்த தேனீயை டப்பாவில் அடைத்த மாதிரி ‘ஸ்ஸ்ஸ்ஸ்’ என்று ஒன்று முதல் நாலு வினாடி ரீங்காரம். பக்கத்திலேயே நின்றுகொண்டு ஏதோ பூச்சி என்று நினைத்துப் போய்விடுவோம். ஆண்தான் கத்தும். தண்ணீர் ஓரத்தில் புல்லுக்குள் உடம்பை மறைத்து, முன்னங்கால்களால் ஒரு தண்டைப் பிடித்துக்கொண்டு, தொண்டையைப் பட்டாணி மாதிரி ஊதிக் கத்தும். ஆணின் தொண்டை கறுப்பாக இருக்கும், அதை வைத்தே ஆண் பெண் பிரித்துவிடலாம்.

நம் பழமொழி ஒன்று உண்டு, ‘நுணலும் தன் வாயால் கெடும்’. நுணல் என்பது மணலுக்குள் முழுகி மறைந்து கிடக்கும் தவளை. அந்தச் சொல்லைச் சின்ன வயதில் மனப்பாடம் செய்ததோடு சரி, பொருள் புரிந்தது இங்கேதான். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் கல்லுக்கு அடியில் கிடக்கும் இந்த உயிரை வெளியே இருந்து கண்டுபிடிக்க ஒரே வழி அது வாய் திறக்கும் அந்தச் சில இரவுகள்தான்.

எப்போது இனப்பெருக்கம்?

நாட்காட்டி பார்க்காது, மழையைப் பார்க்கும். மே முதல் ஆகஸ்ட் வரை எப்போது வேண்டுமானாலும், ஆனால் தூறலுக்கெல்லாம் வராது. ஏறத்தாழ 5 செ.மீ. அளவுக்குக் கொட்டித் தீர்க்க வேண்டும், பள்ளங்களில் தண்ணீர் தேங்க வேண்டும். அப்படி ஒரு மழை பெய்த இரவில், நேற்றுவரை ஒன்றுகூடக் கண்ணில் படாத இடத்தில், சாலையோரப் பள்ளம், மாட்டுக் குளம்பு பதிந்த குழி, வயலோரத் தேக்கம் எல்லாவற்றிலும் ரீங்காரம் கேட்கும். இரண்டு மூன்று இரவுகளில் எல்லாம் முடிந்துவிடும். அடுத்த பெரிய மழை வரவில்லை என்றால் அந்த வருடத்துக்கு அவ்வளவுதான்.

வற்றிப்போகும் குட்டைகளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு காரணம் இருக்கிறது. வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் குளத்தில் மீன் இருக்கும், பெரிய தவளைகள் இருக்கும். நேற்றைய மழையில் உண்டான குட்டையில் யாரும் இல்லை.

ஆண் பெண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்று படித்தேன், என்ன அது?

சொல்லப்போனால் பசை போட்டு ஒட்டியது மாதிரிதான். பொதுவாகத் தவளைகளில் ஆண் பெண்ணின் முதுகில் ஏறி முன்னங்கால்களால் இறுகப் பிடித்துக்கொள்ளும். இந்தத் தேரைக்கோ கை குட்டை, உடம்பு உருண்டை, தோல் வழுக்கல். பிடித்தால் நிற்காது. அதனால் ஆணின் வயிற்றுப் பக்கத் தோலில் இருந்து ஒரு பிசின் சுரந்து இரண்டையும் ஒட்டிவிடுகிறது. இழுத்துப் பிரித்தாலும் சட்டென்று வராது. பெண் நீந்தும், முழுகும், ஆண் முதுகிலேயே இருக்கும். முட்டை இட்டு முடியும்வரை இப்படித்தான்.

முட்டைகள் நூற்றுக்கணக்கில், பெரிய பெண் என்றால் ஆயிரத்துக்கு மேலும் போகும். தண்ணீரின் மேல்பரப்பில் ஒற்றை அடுக்காகப் படலம் மாதிரி மிதக்கும், பாதி கறுப்பு பாதி வெளுப்பு. தேங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, மேலே மிதந்தால் காற்று கிடைக்கும்.

தலைப்பிரட்டை எவ்வளவு நாளில் தேரையாகும்?

முட்டை பொரிக்க இரண்டு மூன்று நாள். அதிலிருந்து மூன்று, நான்கு வாரத்தில் காலும் கையும் முளைத்துக் கரையேறிவிடும். குட்டை காய்வதற்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரம். பல குட்டைகள் முந்திக்கொண்டு காய்ந்துவிடும், அப்போது முழுக் கூட்டமும் போய்விடும், அதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இதன் தலைப்பிரட்டைக்கு மற்ற தலைப்பிரட்டைகளைப் போலச் சுரண்டித் தின்னும் கொம்பு அலகு கிடையாது. தண்ணீரில் மிதக்கும் பாசித் துகள்களை வடிகட்டிக் குடித்தே வளரும். கரையேறும் குட்டி 15 மி.மீ. அளவு இருக்கும், அன்றிலிருந்தே எறும்புதான் சாப்பாடு. அடுத்த கோடையிலோ அதற்கடுத்த கோடையிலோ இனப்பெருக்கத்துக்குத் தயார்.

கையில் எடுக்கலாமா? விஷமா?

எடுக்காமல் இருப்பது நல்லது. எடுத்தால் ஈரக்கையால், சில வினாடிகள் மட்டும், அதன்பின் கண்ணைத் தொடாதீர்கள். நான் ஒருமுறை தெரியாமல் வியர்வையைத் துடைக்கும் சாக்கில் கண்ணைத் தேய்த்துவிட்டேன், மிளகாய் நறுக்கிய கையால் தேய்த்த மாதிரி எரிந்தது, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவியும் அரை மணி நேரம் ஆனது. தோலில் இருக்கும் அந்தப் பசைதான். எறும்பைத் தடுப்பதும் அதுவே, சிலந்தியைத் தடுப்பதும் அதுவே. பாம்புகளில் காப்பர்ஹெட், கார்ட்டர் பாம்பு போன்றவை இதையும் சாப்பிட்டிருப்பது பதிவாகியிருக்கிறது, எல்லா எதிரியையும் நிறுத்தும் கவசம் இல்லை.

இன்னொரு விஷயம், பிடிப்பதும் எளிதில்லை. இது தவளை மாதிரித் தாவாது. குட்டிக் குட்டித் துள்ளலும் ஓட்டமுமாகச் சுண்டெலி போலப் போகும், விரலிடுக்கில் சோப்பு மாதிரி நழுவும், அருகில் ஒரு வெடிப்பு இருந்தால் அடுத்த கணம் ஆளைக் காணோம்.

பனிக்காலத்தில்?

நிலத்துக்கு அடியில், உறையும் ஆழத்துக்குக் கீழே போய்விடும். அக்டோபருக்குப் பிறகு தேடுவதில் பயனில்லை.

இதை யார் இவ்வளவு விரிவாக ஆராய்ந்தார்கள்?

ஹென்றி ஃபிட்ச். கான்சஸ் பல்கலைக்கழகம் லாரன்ஸ் ஊருக்கு அருகே 590 ஏக்கரில் ஒரு இயற்கைக் காப்பகம் வைத்தது, 1948-ல் அதன் பொறுப்பாளராக வந்து அங்கேயே குடும்பத்தோடு குடியேறியவர். 1909-ல் பிறந்து 2009-ல் மறைந்தார், வாழ்க்கையின் பெரும்பகுதி அந்த நிலத்தில்தான் நடந்தார். பாம்புகளுக்காகத்தான் அவரைப் பலருக்கும் தெரியும், ஆனால் இந்தத் தேரையைப் பற்றி 1956-ல் அவர் வெளியிட்ட ஆய்வை இன்றும் தாண்டிப் போக முடியவில்லை. கல்லைத் தூக்கிப் பார்ப்பது, குழி வைத்துப் பிடிப்பது, அடையாளம் இட்டு விடுவது, மறுபடி பிடித்து அளப்பது. வருடக்கணக்கில் அதே நிலம், அதே கற்கள். வெப்பநிலை, வளர்ச்சி, நடமாட்டம் என்று மேலே நான் எழுதியதில் பலவும் அந்த நிலத்தில் இருந்து வந்தவை.

இதே மாதிரி இன்னொரு இனம் உண்டாமே?

கிழக்கு அமெரிக்காவில் ஒன்று இருக்கிறது. வயிற்றைத் திருப்பினால் தெரியும்: கிழக்கத்தியதற்கு வயிற்றில் புள்ளியும் மேகமுமாக இருக்கும், நம்முடையதற்குச் சுத்தமான வெளுப்பு. கத்தலும் வேறு, அது ஆட்டுக்குட்டி மாதிரி. ஓக்லஹோமா, டெக்சஸின் கிழக்கில் இரண்டும் சேர்ந்து வாழும் பகுதி உண்டு, சில நேரம் கலப்பும் நடக்கும். டாரண்டுலா வளையில் தேரையைப் பார்த்தாரே, அதே பிளேர் 1955-ல் இரண்டின் கத்தலையும் உடல் அளவையும் ஒப்பிட்டு, சேர்ந்து வாழும் இடத்தில் வேறுபாடு கூடுவதைக் காட்டினார். இனங்கள் எப்படிப் பிரிந்து நிற்கின்றன என்ற பாடத்துக்கு இந்தக் குட்டித் தேரைகள் பெரிய உதாரணமாகிவிட்டன.

வசந்த காலத்தில் புல்லுக்குத் தீ வைக்கிறார்களே, தேரை சாகாதா?

ஃபிளின்ட் ஹில்ஸில் மார்ச், ஏப்ரலில் மலை மலையாக எரியும், முதல்முறை பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் அந்த நேரத்தில் தேரைகள் பெரும்பாலும் மண்ணுக்குள். புல்தீ வேகமாக ஓடிப்போய்விடும், கல்லுக்கு அடியில் சூடு இறங்குவது குறைவு. தீ இல்லை என்றால்தான் பிரச்சினை. சீடார் மரங்கள் முளைத்து, நிழல் விழுந்து, சில பத்தாண்டுகளில் புல்வெளியே காடாகிவிடும். ஃபிட்ச் இருந்த காப்பகத்திலேயே மேய்ச்சலை நிறுத்தியபின் மரங்கள் மூடிக்கொண்டு, திறந்தவெளியில் வாழும் பாம்பு பல்லிகள் குறைந்துபோனதை அவரே பதிவு செய்திருக்கிறார்.

அழியும் நிலையில் இருக்கிறதா?

இல்லை. மொத்தமாகப் பார்த்தால் கவலைக்குரிய இனமாகப் பட்டியலிடப்படவில்லை. ஆனால் கொலராடோ மாதிரி எல்லைப் பகுதிகளில் குறைவு. எனக்கு உண்மையிலேயே கவலை தருவது கல் வியாபாரம். தோட்ட அலங்காரத்துக்காகச் சரிவில் கிடக்கும் பலகைக் கற்களை லாரியில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். பார்ப்பவருக்கு அது கல், கீழே இருப்பதற்கு அது வீடு, குளிர்சாதனம், சமையலறை மூன்றும். ஒரு சரிவில் கல் போனால் அந்தச் சரிவில் தேரையும் போனது.

வீட்டில் வளர்க்கலாமா?

வேண்டாம். தினமும் உயிருள்ள எறும்பு நூற்றுக்கணக்கில் யார் பிடித்துப் போடுவது? பட்டினியில்தான் முடியும்.

நேரில் பார்க்க என்ன செய்ய வேண்டும்?

மே மாதம் வாருங்கள், நல்ல மழை பெய்து ஓரிரு நாள் கழித்து. 1996-ல் அமைத்த டால்கிராஸ் பிரெய்ரி தேசியக் காப்பகமும் மான்ஹாட்டனுக்குத் தெற்கே இருக்கும் கோன்சா பிரெய்ரியும் நடக்க அருமையான இடங்கள், ஆனால் அங்கே பாதையில் மட்டும் நடங்கள், கல்லைத் தொடாதீர்கள். தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

கல்லைத் தூக்கும்போது உங்கள் பக்கமாக இழுத்துத் தூக்குங்கள், அப்போது கல்லே உங்களுக்கும் அடியில் இருப்பதற்கும் நடுவில் தடுப்பாக நிற்கும். விஷமுள்ள காப்பர்ஹெட் பாம்பும் அதே கற்களைத்தான் விரும்பும். தேரை இருந்தால் முதலில் அதைப் பக்கத்தில் ஒதுக்குங்கள், கல்லை அது கிடந்த அதே பள்ளத்தில், அதே பக்கம் கீழே வருகிற மாதிரி வையுங்கள், அப்புறம் தேரையைக் கல்லின் ஓரத்தில் விடுங்கள். மேலேயே கல்லை வைத்தால் நசுங்கிவிடும். ஓரத்தில் விட்டால் ஒரு கணம் நிற்கும், கூர்முகத்தை இடுக்கில் நுழைத்துப் பார்க்கும், பின்னங்கால் இரண்டையும் உதைத்து உள்ளே போய்விடும். கல்லின் ஓரத்தில் எறும்புகள் மறுபடி வரிசை கட்டத் தொடங்கியிருக்கும்.